பெர்த் முதல் லண்டன் வரை

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகருக்கும் லண்டன் ஹீத்ரூவுக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். வழியில் எங்கும் இறங்காமல் இதைக் கடக்கும் சேவையைக் குவாண்டாஸ் நிறுவனம் 2018 மார்ச்சில் தொடங்கியது. போயிங் 787 விமானத்தில் 17 மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். 1947-இல் இதே நிறுவனம் சிட்னியிலிருந்து லண்டனுக்கு விமானம் விட்டபோது பயணம் நான்கு நாள்! டார்வின், சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி, கெய்ரோ, திரிப்போலி என்று இறங்கி இறங்கிப் போனார்கள். நினைத்தாலே மலைப்பாக இருக்கிறது. இன்னொரு செய்தி. லண்டனிலிருந்து பெர்த் திரும்பும்போது பொதுவாக நேரம் குறையும். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் பலத்த காற்று, விமானத்தைப் பின்னாலிருந்து உந்துவதே காரணம்.