தலையணைக்கடியில் நான்கு ஆண்டுகள்

தஸ்தயேவ்ஸ்கியின் புதிய ஏற்பாடு
பீட்டர்ஸ்பர்க் பதிப்பு, 1823

சைபீரியச் சிறைக்குப் போகும் வழியில், 1850 ஜனவரியில், தோபோல்ஸ்க் நகரில் இந்த நூல் தஸ்தயேவ்ஸ்கியின் கைக்கு வந்தது. கொடுத்தவர்கள், 1825 கிளர்ச்சிக்காக நாடுகடத்தப்பட்ட டிசம்பர்வாதிகளின் மனைவியர். அட்டைக்குள் பத்து ரூபிள் ஒளிந்திருந்தது. ஓம்ஸ்க் சிறையில் நான்கு ஆண்டுகள் இது அவருடைய தலையணைக்கடியில் இருந்தது; அங்கே கைதிகளுக்கு அனுமதிக்கப்பட்ட புத்தகம் இது ஒன்றே. சக கைதி ஒருவருக்கு இதைக் கொண்டே அவர் வாசிக்கக் கற்றுக்கொடுத்தார். பக்க ஓரங்களில் பென்சில் கோடுகளோடு நகக்கீறல்களும் உண்டு.

‘குற்றமும் தண்டனையும்’ (1866) நாவலில், புதிய ஏற்பாட்டில் லாசரு உயிர்பெற்றெழும் பகுதியை விலைமகளான சோனியா கொலையாளி ரஸ்கோல்னிகோவுக்குப் படித்துக் காட்டுகிறாள். அந்த அத்தியாயத்தைத் திருத்தி எழுதும்படி நாவலை வெளியிட்ட பத்திரிகைக்காரர்கள் வற்புறுத்தினார்கள். விலைமகள் வாயில் வேதமா என்ற கூச்சம் போலும். நல்லவேளையாகக் காட்சி பிழைத்தது. நாவலின் முடிவில் ரஸ்கோல்னிகோவின் சிறைத் தலையணைக்கடியிலும் ஒரு புதிய ஏற்பாடு கிடக்கிறது.

‘கரமாசோவ் சகோதரர்கள்’ நாவலின் முகப்பில் உள்ள புதிய ஏற்பாட்டு வசனம், யோவான் 12:24, தஸ்தயேவ்ஸ்கியின் கல்லறையிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது.

1881இல் அவர் இறந்த அன்று மனைவி அன்னா இந்தப் பிரதியிலிருந்துதான் வாசித்தார். பிறகு இது மகன் ஃபியோதரிடம் சேர்ந்தது.

காட்சியில் இருப்பது நகல். மூலப்பிரதி மாஸ்கோவில், ரஷ்ய அரசு நூலகத்தில் உள்ளது.