அண்டை நாடு ஏற்றிய விளக்கு

போலந்துக்காரரையும் ஹங்கேரிக்காரரையும் உடன்பிறப்புகளாகச் சொல்லும் பழமொழி ஒன்று அவ்விரு நாடுகளிலும் உண்டு. கம்யூனிஸ்ட் ஆட்சிக் காலத்தில் இந்த உறவு இருமுறை சரித்திரத்தைத் தொட்டது. முதல் முறை தோல்வி, மறுமுறை வெற்றி. ஏன் இந்த வேறுபாடு என்பது என்னை நெடுநாள் சிந்திக்க வைத்த கேள்வி.

1956 ஜூனில் போலந்தின் போஸ்னான் நகரத் தொழிலாளர்கள் உணவும் உரிமையும் கேட்டு வீதிக்கு வந்தனர். ராணுவம் சுட்டது. ஆனாலும் அக்டோபரில் அங்கே கட்சித் தலைமை மாறி, கொமுல்கா பொறுப்பேற்றார். செய்தி ஹங்கேரியை எட்டியது. அக்டோபர் 23 அன்று புடாபெஸ்ட் மாணவர்கள் ஊர்வலமாகப் புறப்பட்டனர். எங்கே தெரியுமா? தளபதி பெம்மின் சிலைக்கு! 1848-49 விடுதலைப் போரில் ஹங்கேரிக்காகப் போரிட்ட போலந்துக்காரர் அவர். ஊர்வலம் புரட்சியாயிற்று. நவம்பர் 4-ல் சோவியத் டாங்கிகள் நுழைந்து அதை நசுக்கின. பிரதமராயிருந்த இம்ரே நாகி 1958 ஜூன் 16-ல் தூக்கிலிடப்பட்டார்.

மீண்டும் போலந்துதான் முந்திக்கொண்டது. 1980-ல் க்டான்ஸ்க் கப்பல் கட்டும் தளத்தில் லெக் வலேசா தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்திலிருந்து சாலிடாரிட்டி தொழிற்சங்கம் பிறந்தது. 1981 டிசம்பரில் ராணுவச் சட்டம் அதை முடக்கியது, அழிக்க முடியவில்லை. 1989 பிப்ரவரியில் அரசே அவர்களை வட்டமேசைக்கு அழைத்தது. ஜூன் 4-ல் தேர்தல். செனட்டின் 100 இடங்களில் 99 சாலிடாரிட்டிக்கு!

அதே ஜூன் மாதம் ஹங்கேரியிலும் வட்டமேசைப் பேச்சு தொடங்கியது. ஜூன் 16 அன்று இம்ரே நாகியின் உடல் மரியாதையோடு மறு அடக்கம் செய்யப்பட்டது. செப்டம்பர் 11-ல் ஹங்கேரி தன் எல்லையைத் திறக்க, கிழக்கு ஜெர்மானியர் ஆயிரக்கணக்கில் ஆஸ்திரியா வழியாக மேற்கே சென்றனர். நவம்பர் 9-ல் பெர்லின் சுவரும் திறந்தது.

இம்முறை டாங்கிகள் வரவில்லை. ஒவ்வொரு நாடும் தன் பாதையைத் தானே தேர்ந்துகொள்ளலாம் என்று 1988 டிசம்பரில் கோர்பசேவ் ஐ.நா. சபையில் அறிவித்திருந்தார். ஆனால் அந்தச் சொல் மெய்தானா என்று முதலில் சோதித்துப் பார்த்தவர்கள் போலந்து மக்கள். அவர்களுக்கு ஒன்றும் நேராததைக் கண்ட பிறகே மற்றவர்களின் அச்சம் விலகியது.

போலந்து வாக்களித்த அதே ஜூன் 4-ல்தான் சீனாவின் பீஜிங்கில் ராணுவம் மாணவர் கிளர்ச்சியைத் துப்பாக்கியால் அடக்கியது. ஆகவே, மக்களின் துணிவு மட்டும் போதாது, ஆள்வோர் துப்பாக்கியைக் கீழே வைக்கவும் வேண்டும் என்பதே என் கருத்து. வாசக அன்பர்கள் என்ன சொல்கிறீர்கள்?