வாசலில் டிராக்டர்... வீட்டுக்கு கரன்ட்!

2012 மின்வெட்டை மதுரைக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 2018 நவம்பரில் கஜா புயல் டெல்டாவைச் சாய்த்தபோதோ, தண்ணீர்த் தொட்டியை நிரப்பவே ஜெனரேட்டர் தேடி அலைந்தார்கள். மேலூர், உசிலம்பட்டி பக்கம் வாசலில் டிராக்டர் நிற்கும் வீடுகளுக்கு, அதுவே ஜெனரேட்டரை ஓட்டும்.

ரோட்டவேட்டரைச் சுழற்றும் அதே பி.டி.ஓ தண்டுதான் இங்கேயும். அது நிமிடத்துக்கு 540 முறை சுற்றும். ஆல்டர்னேட்டருக்குப் பெரும்பாலும் 1,500 சுற்று தேவை. இடையில் உள்ள கியர்பாக்ஸ் வேகத்தைக் கூட்டும். வேகம் தவறினால் 50 ஹெர்ட்ஸும் தவறும், மோட்டார் சூடாகும்.

எத்தனை கே.வி.ஏ வாங்கலாம்? பி.டி.ஓ ஹெச்.பி-யில் பாதிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். 30 ஹெச்.பி என்றால் 15 கே.வி.ஏ. கடையில் இன்ஜின் ஹெச்.பி-யைச் சொல்லி ஏமாறவும் வேண்டாம், பி.டி.ஓ-வுக்கு வருவது அதைவிடக் குறைவு. போர்வெல் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு கரன்ட் இழுக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாலு ஃபேன், ஒரு டி.வி-தான் என்றால் இன்வெர்ட்டர் போதும். கொசுவை அடிக்க உலக்கை எதற்கு? லோடு குறைந்தாலும் 540 சுற்றுக்காக இன்ஜின் வேகமாக ஓடியே ஆக வேண்டும். டீசல் கையைக் கடிக்கும்.

சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் மட்டும் இணைக்கவே கூடாது. வீட்டு ஒயரிங்கில் நேரடியாகக் கொடுத்தால் கரன்ட் தெருக்கம்பிக்குத் திரும்பும். டிரான்ஸ்ஃபார்மர் அதை 11,000 வோல்ட் வரை உயர்த்திவிடும். லைன் ஆஃப் என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவர் என்ன ஆவார்? அந்த சுவிட்சையும் எர்த்தையும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியனே போடட்டும்.

தண்டுக்குக் கவர் இல்லையா, வாங்காதீர்கள். வேட்டி நுனியோ சேலைத் தலைப்போ சிக்கினால், கண் இமைப்பதற்குள் ஆளையே இழுத்துவிடும்.