கை எப்போது நடுங்குகிறது?

கைநடுக்கம் என்று வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது, "எப்போ நடுங்குது?" என்பதைத்தான். "எப்பவுமே ஆடுது டாக்டரம்மா" என்று பதில் வரும். உற்றுப் பார்த்தால் அப்படி இருக்காது. சிலருக்கு மடியில் சும்மா கிடக்கும்போது கை ஆடும்; எதையாவது எடுக்கப் போனால் நின்றுவிடும். சிலருக்கு நேர்மாறு. சும்மா இருக்கிற கை அசையாது, டம்ளரைத் தூக்கியதும் உதறத் தொடங்கும். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் ஸ்கேனுக்கு அனுப்பும் முன்பே நோய் இன்னதென்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

அதனால் என் மேசையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர்களும் வெள்ளைத்தாளும் எப்போதும் இருக்கும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் வந்திருந்தார். காசோலையில் கையெழுத்து பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பார்க்கின்சன் நோய் என்று யாரோ சொல்லியிருந்ததால் பயந்து போயிருந்தார். கைகளை மடியில் வைக்கச் சொன்னேன். இரண்டும் அமைதியாக இருந்தன. ஒரு டம்ளர் தண்ணீரை இன்னொன்றில் ஊற்றச் சொன்னபோது இரண்டு விளிம்பும் கிணுகிணுவென்று மோதிக்கொண்டன, பாதித் தண்ணீர் மேசையில். பிறகு, மணிக்கட்டைத் தாளில் ஊன்றாமல் ஒரு சுருள் வரையச் சொன்னேன். சுருள் பெரிதாகத்தான் வந்தது; கோடு நெடுக ஒரே சீரான நெளிவு. பார்க்கின்சன் என்றால் எழுத்தும் சுருளும் போகப்போகச் சிறுத்து நெருங்கிவிடும்.

"வீட்டில் வேறு யாருக்காவது உண்டா ஐயா?"

"எங்கம்மாவுக்கு உண்டு. கோயில்ல வாங்கின குங்குமம் வீடு வந்து சேராது."

அவருக்கு வந்திருப்பது எசென்ஷியல் ட்ரெமர். ஏறக்குறைய பாதிப் பேருக்கு இது குடும்பவழியாக வருகிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் மருத்துவர்களே இதை லேசாக எடுத்துக்கொள்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் கல்யாண வீடுகளில் மொய் எழுதிவிட்டுப் பந்தியில் உட்காராமலேயே திரும்பிவிடுவாராம், ரசத்தைக் கையில் ஏந்திக் குடிக்க முடியாது என்று. ஒரு மனிதரை ஊர் கூடும் இடத்திலிருந்து விலக்கிவைக்கிற நோய் சின்ன நோயாகாது. இதயத்துக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தருகிற ப்ரொப்ரனலால், வலிப்புக்குத் தருகிற ப்ரிமிடோன் இரண்டும் இதற்குப் பயன்படுகின்றன. ஆஸ்துமா உள்ளவர்களுக்கு முதல் மருந்து ஆகாது. நடுக்கம் முழுக்க நிற்காவிட்டாலும் பாதி குறைந்தாலே டம்ளர் வாய்க்குப் போய்விடும். மது குடித்தால் இந்த நடுக்கம் சற்று அடங்கும் என்பதைச் சிலர் தாங்களாகவே கண்டுபிடித்துவிடுகிறார்கள். போதை இறங்கியதும் அது முன்னைவிடக் கூடுதலாகத் திரும்பும். அந்த வழியில் போய்க் குடிநோயாளியானவர்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன்.

பார்க்கின்சன் நோயின் நடுக்கம் பெரும்பாலும் ஒரு பக்கக் கையில் தொடங்கும். விநாடிக்கு நான்கிலிருந்து ஆறு தடவை, கட்டைவிரலும் ஆள்காட்டிவிரலும் எதையோ உருட்டுவதுபோல் ஆடும். நடக்கும்போது அந்தக் கை வீசாது, வேலையெல்லாம் மெதுவாகும். லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் ஆறு பேரை வைத்து இதை எழுதினார். அவர்களில் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. கண்ணால் பார்த்தே அவ்வளவு துல்லியமாக எழுத முடிந்திருக்கிறது!

நடுமூளையில் டோபமைன் சுரக்கும் கருநிற செல்கள் அழிவதுதான் இந்நோயின் வேர். ஆனால், டோபமைன் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நடுக்கம் என்று கணக்குப் போட முடியாது. டோபமைனை ஈடுகட்டி உடல் இறுக்கத்தை நன்றாகத் தளர்த்துகிற மாத்திரை, சிலருக்கு நடுக்கத்தைத் தொடுவதே இல்லை. இதற்கு நெதர்லாந்து ஆய்வாளர்கள் தந்த விளக்கம் எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. நடுக்கத்துக்கு சுவிட்ச் ஓரிடம், ரெகுலேட்டர் வேறிடம். மூளையின் ஆழத்தில் உள்ள பேசல் கேங்க்லியா அதைத் தொடங்கிவைக்கிறது. சிறுமூளை, தலாமஸ், மேல்மூளை மூன்றும் சேர்ந்த இன்னொரு சுற்று அதன் வீச்சைக் கூட்டிக் குறைக்கிறது. எசென்ஷியல் ட்ரெமரிலோ அந்தச் சிறுமூளைச் சுற்றேதான் தாளம் தப்புகிறது. இரண்டு நோய்க்கும் தலாமஸ் பொதுவான சந்திப்பு.

அறுவைச் சிகிச்சை அங்கே கைவைப்பது அதனால்தான். 1987இல் பிரான்சின் கிரெனோபிள் நகரில், அலீம் லூயி பெனாபிட் தலாமஸில் ஒரு புள்ளியைச் சுடுவதற்கு முன் மின்முனையால் சோதித்துப் பார்த்தார். விநாடிக்கு நூறு துடிப்பை எட்டியபோது நடுக்கம் நின்றது. சுடுவதற்குப் பதில் கம்பியை உள்ளேயே விட்டு, மார்புத் தோலுக்கடியில் பேட்டரி வைக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. இன்று நம் நாட்டிலும் செய்கிறார்கள், பல லட்சம் ரூபாய் ஆகும். மண்டையைத் திறக்காமல் மீயொலிக் கதிர்களை அதே புள்ளியில் குவித்துச் சுடும் முறைக்கு அமெரிக்கா 2016இல் அனுமதி தந்தது.

பார்க்கின்சனுக்கு இன்றும் முதன்மையான மருந்து லெவோடோபாதான். பூனைக்காலி விதையில் அது இருப்பதை 1937இல் பிரித்தெடுத்துக் காட்டியவர்கள் சென்னையில் ஆய்வு செய்த தாமோதரனும் ராமசாமியும். அதற்காக, மாத்திரையை விட்டுவிட்டுக் கடைப்பொடிக்கு மாறிவிடாதீர்கள். எந்தப் பொடியில் எவ்வளவு மருந்து என்பதற்கு அளவில்லை. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்பு போடுங்கள். பருப்பும் முட்டையும் அது உடலில் சேர்வதற்குக் குறுக்கே நிற்கும்.

எனக்குக் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. ஓர் அம்மா முகம் இறுகி, கை ஆடி, காலை இழுத்துக்கொண்டு வந்தார். மஞ்சள் பையைக் கவிழ்த்தால், நெஞ்செரிச்சலுக்கு எப்போதோ எழுதித்தந்த மாத்திரையை மாதக்கணக்காகத் தொடர்ந்திருந்தார். அதில் லெவோசல்பிரைடும் சேர்ந்திருந்தது. அது டோபமைனின் வேலையைத் தடுக்கும். நிறுத்திய சில மாதங்களில் நன்றாக நடந்தார். தலைசுற்றலுக்குத் தருகிற சின்னரிசின், ஃப்ளுனரிசின், வாந்திக்குத் தருகிற மெட்டோக்ளோப்ரமைடு எல்லாம் இதே வேலையைச் செய்யும். வலிப்புக்கான வால்ப்ரோவேட்டும் ஆஸ்துமாவுக்கான சால்பூட்டமாலும் வேறு வகை நடுக்கம் தரும். எதையும் தானாக நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்தவரிடம் கேட்க வேண்டும்.

இளவயதில் நடுக்கம் வந்தால் தைராய்டைப் பார்ப்போம். உடலில் செம்பு சேரும் வில்சன் நோயையும் மறக்க மாட்டோம். கருவிழியைச் சுற்றிப் பழுப்பு வளையம் தெரிகிறதா என்று கண் மருத்துவர் பார்ப்பார். பெற்றோர் இருவரிடமிருந்தும் குறை வந்து சேர்ந்தால்தான் இந்நோய் வரும் என்பதால், சொந்தத்தில் திருமணம் செய்த குடும்பங்களில் கூடுதலாகக் காண்கிறோம். சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்தால் கட்டுப்படுத்தலாம். கூடப் பிறந்தவர்களுக்கும் பரிசோதனை வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகளை, காலியானவை உட்பட, எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நடுக்கம் உள்ளவர் டி.வி. பார்க்கும்போதும் காப்பி குடிக்கும்போதும் வாசலில் நடக்கும்போதும் கை எப்படி இருக்கிறது என்று செல்போனில் வீடியோ எடுத்துக் காட்டுங்கள்.