ஓடும் காருக்கு வரும் மயக்கம்

மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிளில் புறப்படும்போது ஒரு குறையும் இருக்காது. சயான் சிக்னல் வரையிலும் சமர்த்தாகவே வரும். செம்பூர் சாலையில் திரும்பி நாலாவது கியர் போட்டு மிதித்ததும் காருக்கு மூச்சு வாங்க ஆரம்பிக்கும். ஆக்ஸிலேட்டர் தரையைத் தொடும். வேகமோ நாற்பதிலிருந்து இருபதுக்கு இறங்கும். பின்னால் பெஸ்ட் பஸ் ஹாரனை விடாமல் அடிக்கும். ஓரங்கட்டிப் பத்து நிமிடம் நிறுத்திவைத்தால், எதுவுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும். ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக் ஏறி ஓட்டிப் பார்க்கும்போது மட்டும் கோளாறு தலைகாட்டாது.

பழைய பியட் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு இந்தக் கதை புதிதல்ல. குர்லாவில் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ் 1964-ல் பியட் 1100 டிலைட் என்று தயாரிக்கத் தொடங்கி, 1974-லிருந்து பிரீமியர் பத்மினி என்று பெயர் சூட்டிய அதே வண்டிதான். நாலு சிலிண்டர், 1089 சி.சி. இன்ஜின். பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்து வாங்கியது. டாக்சியாக இருந்த கடைசி பத்மினி 2003 அக்டோபரில் தாட்தேவ் ஆர்.டி.ஓ.வில் பதிவாகி, 20 ஆண்டு வரம்பு முடிந்து 2023 அக்டோபர் இறுதியில் ஓய்வு பெற்றது. சொந்தக் காருக்கு அந்த வரம்பு இல்லை. 15 ஆண்டு கழிந்தபின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை பரிசோதனைக்குக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்கலாம்.

அப்படிக் காப்பாற்றி வைத்த வண்டியைப் பழைய இரும்புக்கு அனுப்புவது பெரும்பாலும் வயதல்ல, இந்த வந்து போகும் நோய்தான். முதலில் பிளக்கை மாற்றுவார்கள். அடுத்த வாரம் பிளாட்டினம் பாயிண்ட், அதற்கடுத்து கார்புரேட்டர். கடைசியில், "சார், இன்ஜினை இறக்கி போரிங் பண்ணணும்" என்ற தீர்ப்பு வரும். பிஸ்டனும் ரிங்கும் தேய்ந்த இன்ஜினுக்குக் காலையிலும் மாலையிலும் ஒரேபோல் பலம் குறைந்திருக்கும். பத்து நிமிட ஓய்வில் தேறிவிடும் வண்டிக்கு போரிங் எதற்கு?

ஜுரத்தை ஜுரம் அடிக்கும்போதே பார்க்கவேண்டும். வண்டி நின்ற இடத்திலேயே தெரியவேண்டியது ஒன்றுதான்: வராமல் போனது பெட்ரோலா, பொறியா? பொறி அறுந்தால் ஸ்விட்சை அணைத்ததுபோல் சட்டென்று விழும். சைலன்சரில் வெடிச்சத்தமும் கேட்கலாம். பெட்ரோல் குறைந்தால் இழுத்து இழுத்து, தயங்கித் தயங்கி, மேட்டில்தான் அதிகம் தளரும். கண்டாலா காட் ஏறியவர்களுக்கு இது தெரியும்.

பெட்ரோல் என்றால் முதலில் பார்க்கவேண்டிய இடம் இன்ஜினே அல்ல, பின்பக்கம் டாங்கி மூடி. பெட்ரோல் குறையக் குறைய டாங்கிக்குள் காற்று புகவேண்டும். அதற்கான சிறு துவாரம் தூசியால் அடைத்துக்கொண்டாலும், தொலைந்த மூடிக்குப் பதில் துவாரமில்லாத வேறொரு மூடியைப் போட்டிருந்தாலும், உள்ளே வெற்றிடம் உண்டாகி பெட்ரோலைப் பிடித்து இழுக்கும். மயக்கம் வந்த நேரத்தில் மூடியைத் திறந்ததும் 'உஸ்' என்று காற்று உள்ளே போய், வண்டியும் தெளிந்தால் ரிப்பேர் அங்கேயே முடிந்தது. இந்தச் சோதனைக்கு ஒரு பைசா செலவில்லை என்பதாலோ என்னவோ, இதைச் செய்பவர்கள் குறைவு.

அடுத்தது டாங்கியின் துரு. ஓடும்போது துருத்தூள் குழாய் வாயில் போய் ஒட்டும். நின்றதும் உதிர்ந்து அடியில் படியும். தானாகக் குணமாவதன் ரகசியம் பல வண்டிகளில் இதுதான். 2025-ல் பெட்ரோலில் எத்தனால் கலப்பு 20 சதவீதத்தை எட்டியபின் இன்னொரு சிரமமும் சேர்ந்திருக்கிறது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் பம்ப் டயாப்ரமும் எத்தனாலுக்காகச் செய்தவை அல்ல. ஊறி, உப்பி, துணுக்குத் துணுக்காகக் கழன்று ஜெட்டை அடைக்கலாம். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாக மாற்றிவிடுவது நல்லது.

மே மாத வெயிலில் சயான் நெரிசலில் ஊர்ந்தபின் வரும் மயக்கம் வேறு வகை. மெக்கானிக்குகள் 'ஏ.சி. பம்ப்' என்று சொல்லும் பெட்ரோல் பம்ப் இன்ஜினை ஒட்டியே இருக்கிறது. சூட்டில் குழாய்க்குள் பெட்ரோல் கொதித்துக் குமிழியானால் பம்பால் தள்ள முடியாது. பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிவைப்பது டாக்சிக்காரர்களின் பழைய வைத்தியம். துணி போட்டதும் தேறினால் காரணம் சூடுதான். பெட்ரோல் குழாய் சைலன்சர் பக்கம் உரசிக்கொண்டு போகிறதா என்று பார்த்து விலக்கிக் கட்டவேண்டும்.

பெட்ரோல் தடையில்லாமல் வருகிறதென்றால் பொறியைப் பார்க்கலாம். காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் தடித்த ஒயரின் முனையை, ரப்பர் கைப்பிடி உள்ள இடுக்கியால் இரும்பருகே பிடித்து செல்ஃப் அடித்தால் நீலப் பொறி பளிச்சென்று தாவவேண்டும். மஞ்சளாக, நூல்போல் வந்தால் காயில், கண்டென்ஸர், பாயிண்ட் மூன்றில் ஒன்று. குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து சூடேறியதும் கைவிடுவது காயிலுக்கும் கண்டென்ஸருக்கும் வழக்கம். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் உள்ள மெல்லிய ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருந்து குலுக்கலில் ஒட்டியும் விட்டும் ஆட்டங்காட்டுவதும் உண்டு. மழைக்காலத்தில் கிங்ஸ் சர்க்கிள் தண்ணீரில் நீந்தி வந்த வண்டி என்றால், டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும். பெட்ரோல் குழாயைக் கழற்றிவைத்துக்கொண்டு இந்தப் பொறிச் சோதனையைச் செய்யக்கூடாது. பற்றிக்கொள்ளும்.

இன்ஜின்மேல் வீண்பழி விழும் சந்தர்ப்பமும் உண்டு. இன்ஜின் இரைகிறது, வண்டி நகரவில்லை என்றால் கிளட்ச் பிளேட். மிதித்த பிரேக் விடாமல் கவ்விக்கொண்டாலும் வண்டி பலமிழந்ததுபோல்தான் இருக்கும். நிறுத்தியதும் நாலு சக்கர டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோனால் எது கொதிக்கிறதென்று தெரிந்துவிடும். தொட்டுப் பார்க்கவேண்டாம்.

இந்த நிலையில் உள்ள வண்டியைக் கோளாறு தெரியும்வரை ஈஸ்டர்ன் ப்ரீவே பக்கம் கொண்டுபோகாமல் இருப்பது நல்லது. அங்கே வேகத்தில் வருகிறவர்கள் முன்னால் திடீரெனத் தளர்ந்து நிற்பது சயான் சிக்னலில் நிற்பதுபோல் அல்ல.

ஒர்க்‌ஷாப்பில் சாவியைக் கொடுத்துவிட்டு வருவதால் பயனில்லை. புறப்பட்டு எத்தனை கிலோமீட்டரில் வந்தது, டாங்கியில் எவ்வளவு பெட்ரோல் இருந்தது, வெயிலா மழையா, சட்டென்று விழுந்ததா தயங்கியதா என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி நீட்டினால், விவரமுள்ள மெக்கானிக் உடனே ஸ்பேனரை எடுக்கமாட்டார். ஒரு பாட்டில் தண்ணீரும் பழைய துணியும் எடுத்துக்கொண்டு பக்கத்து சீட்டில் ஏறி உட்கார்ந்து, "அந்த ரோட்டுக்கே விடுங்க சார்" என்பார்.