பன்னி ரொட்டி... பயப்படாதீங்க, ஆட்டுக்கறிதான்!

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் என்று ஒரு துறைமுக நகரம். (டர்பன் என்றதும் திண்டுக்கல்காரர்களுக்குத் தலப்பாக்கட்டி பிரியாணி ஞாபகம் வந்தால் தப்பில்லை. இது வேறு டர்பன்.) அங்கே நம்மவர்கள் உண்டாக்கிய ஒரு அயிட்டத்துக்கு ‘பன்னி சௌ’ என்று பெயர். எங்கள் வீட்டில் இதை உச்சரித்த மறு நிமிடம் அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். ‘‘பன்னியெல்லாம் இந்த அடுப்புல ஏறக்கூடாது, சொல்லிட்டேன்!’’

அந்தப் பன்னிக்கும் இந்தப் பன்னிக்கும் ஸ்நானப் பிராப்தி கிடையாது ஸார். ‘பனியா’ என்ற குஜராத்தி வியாபாரிப் பெயர் தேய்ந்து ‘பன்னி’ ஆனது என்கிறார்கள். முழு ரொட்டியைக் குடைந்து, உள்ளே குழம்பை ஊற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். கால், அரை, முழுசு என்று ரொட்டிக் கணக்கில்தான் ஆர்டர். ‘கால் மட்டன்’ என்றால் கால் ரொட்டிக்குள் மட்டன். ஆட்டுக்கால் வரும் என்று காத்திருக்கக் கூடாது.

இதற்குப் பின்னால் ஒரு கப்பல் இருக்கிறது. 1860 நவம்பர் 16-ம் தேதி, மதராஸிலிருந்து கிளம்பிய ‘ட்ரூரோ’ டர்பன் கரையைத் தொட்டது. கரும்புக் காட்டில் வேலை செய்ய ஒப்பந்தக் கூலிகளோடு போன முதல் கப்பல். 1911 வரை இப்படி ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் நேட்டாலுக்குப் போனார்கள். அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மதராஸில் கப்பல் ஏறியவர்கள். மசாலா வாசனையும் கூடவே போயிற்று.

குழம்பு எப்போது ரொட்டிக்குள் புகுந்தது? 1940-களில் என்பது பொதுவான கணக்கு. ஏன் புகுந்தது என்பதற்குப் பல கதைகள். கோல்ஃப் மைதானத்தில் பந்து பொறுக்கிய நம் பையன்களுக்கு மதியச் சாப்பாடு எடுத்துப் போகப் பாத்திரம் இல்லை, அதனால் ரொட்டியே பாத்திரமாயிற்று என்பது ஒன்று. இன்னொன்றுதான் எனக்குத் தொண்டையில் சிக்குகிறது. நிறவெறிக் காலத்தில் கறுப்பின மக்கள் ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாது. காசு கொடுத்தாலும் நாற்காலி கிடையாது, தட்டு கிடையாது. வாசலிலேயே வாங்கிக்கொண்டு போக, தட்டும் சாப்பாடும் ஒன்றாகிவிட்ட பொருள் இது. இரட்டை டம்ளர் டீக்கடைகளைப் பார்த்த நமக்கு இதைப் புரிந்துகொள்ளக் கப்பல் ஏற வேண்டியதில்லை.

சரி, சீஸ் எங்கே வந்தது? அது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் சமாசாரம். அங்கே குடியேறிய இத்தாலிக்காரர்கள் வட்ட ரொட்டியைப் பிளந்து, பதப்படுத்திய இறைச்சியும் சீஸும் ஆலிவ் ஊறுகாயும் அடுக்கி ‘மஃபலெட்டா’ என்று விற்றார்கள். ஒன்று வாங்கினால் ரெண்டு மூன்று பேர் பங்கு போடலாம். அங்கிருந்து சீஸை மட்டும் கடன் வாங்கி, டர்பன் ரொட்டிக்குள் வைத்தால்? காஞ்சிபுரத்துக்கு வசதிப்படாத எத்தனையோ கல்யாணங்களில் மானம் காத்தது எங்கள் சின்னாளப்பட்டிப் பட்டு. பட்டுக்கே மாற்று செய்த ஊர், ஒரு ரொட்டிக்குச் செய்யாதா!

பேக்கரியில் முதல் நாளே சொல்லிவைத்து, ஸ்லைஸ் போடாத 400 கிராம் ரொட்டி வாங்குங்கள். ஒரு நாள் பழசாக இருந்தால் விசேஷம்; புது ரொட்டி குடையும்போதே குழைந்துவிடும். மேல் பக்கத்தை மூடி மாதிரி நீளமாக வெட்டி எடுத்துவிட்டு, உள்ளே இருக்கும் பஞ்சைக் குடைந்தெடுங்கள். சுற்றிலும் அடியிலும் ஒரு விரல் கனம் இருக்கட்டும். பஞ்சைத் தூர எறிய வேண்டாம். பி.காம். படித்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அது பை-புராடக்ட். அதற்கும் மதிப்பு உண்டு.

அரைக் கிலோ தனிக்கறி. (எலும்பு வேண்டாம். ஐந்து பேர் பிய்க்கிற இடத்தில் ஒருத்தர் பல் போய்விடும்.) சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு, மல்லி, மிளகு, சோம்பு... உங்கள் வீட்டு சுக்கா வறுவல் எப்படியோ அப்படியே. குக்கரில் வேகவைத்து, பிறகு சட்டியில் தண்ணீர் வற்றி மசாலா கறியோடு ஒட்டுகிற வரை சுருட்டுங்கள். உப்பைக் கையை இறுக்கிப் போடுங்கள். சீஸில் ஏற்கெனவே உப்பு இருக்கிறது.

கறியைச் சுடச்சுட அள்ளிப் போடக் கூடாது. ஆவி ரொட்டியை நனைத்துவிடும். கை பொறுக்கிற சூட்டுக்கு ஆறட்டும். அடியில் முதலில் துருவிய சீஸ். உருகியதும் அதன் கொழுப்பு ஒரு மெழுகுப் பூச்சு மாதிரி நின்று, மசாலா ரொட்டிக்குள் இறங்காமல் தடுக்கும். அதன் மேல் கறி, திரும்ப சீஸ், திரும்பக் கறி, மேலே சீஸ், மூடி. மொத்தம் 150 கிராம் சீஸ் போதும். சினிமாவில் வருகிற மாதிரி நூல் இழுக்க ஆசைப்பட்டால் மொஸரல்லா வாங்க வேண்டும். சாதா பிராஸஸ்டு சீஸ் உருகும், எண்ணெய் பிரியாது, ஆனால் நூல் வராது. என் கட்சி சாதா சீஸ்தான். நூல் நூற்க ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள்.

அவனுக்கு எங்கே போக? தேவையில்லை. ‘தம்’ போடத் தெரிந்த ஜில்லா இது. அலுமினியத் தாளில் ரொட்டியைச் சுற்றி, தோசைக்கல் மேல் ஒரு தட்டு போட்டு, தட்டில் ரொட்டியை வைத்து, பெரிய தேக்சாவைக் கவிழ்த்து மூடி, சின்னத் தீயில் பதினைந்து நிமிஷம். கடைசி ஐந்து நிமிஷம் தாளைப் பிரித்துவிட்டால் மேல்தோல் மொறுமொறுப்பாகும்.

காஸ்ட் ஷீட்? கறிக்கே நானூறுக்கு மேல். ஐந்து பேர் பங்கு போட்டால் ஆளுக்கு ஒரு நல்ல பிரியாணி விலை வராது. மாசக் கடைசியாக இருந்தால் கறியைக் கழித்துவிட்டு பீன்ஸ் விதைக் குழம்பு வைக்கலாம். டர்பனிலும் பழைய பன்னிகளில் அதுதான் இருந்தது.

பங்கு போடுவதில்தான் விஷயமே இருக்கிறது. கத்தி வைத்தால் எல்லாம் சரிந்துவிடும். கையால் பிய்க்க வேண்டும். ‘எச்சில்’ என்று ஒரு சட்டம் நம் வீடுகளில் உண்டே... அவரவர் முன்னால் இருக்கும் பக்கத்தை அவரவர் பிய்த்து, குடைந்தெடுத்த பஞ்சைத் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டால் அந்தச் சட்டத்துக்கும் பெரிய பங்கமில்லை.

எங்கள் செட்டில் ஒருவன் யார் வீட்டுக்குப் போனாலும் ‘‘இப்பதான் சாப்பிட்டேன்’’ என்பான். ராத்திரி பட்டினியாக பஸ் இறங்கி வந்தாலும் இதே டயலாக். சின்ன வயசில் ஒரு கல்யாண வீட்டில் எல்லோரும் பந்தியில் இருக்க, அவனை மட்டும் வெளித் திண்ணையில் உட்கார வைத்து, தனி இலை போட்டார்களாம். ஒரு தடவைதான் சொன்னான். நாங்களும் திரும்பக் கேட்டதில்லை.

ரொட்டியில் தட்டு இல்லையே? யாருக்கு எந்தத் தட்டு, எந்த இலை என்ற பேச்சும் இல்லை. மொட்டை மாடியில் நியூஸ் பேப்பரை விரித்து நடுவில் வைத்தோம். மூடியை ஒருவன் தூக்கினான், ஆவி பறந்தது, நாலு பக்கமும் கை நீண்டது. ஐந்தாவது கை கொஞ்சம் லேட்டாக நீண்டது. நீண்டதே தவிர, அப்புறம் நிற்கவில்லை! கடைசியில் மசாலாவும் சீஸும் ஊறி, தீய்ந்தும் தீயாமலும் அடிரொட்டி மட்டும் மிஞ்சியது. அதுதான் மொத்த ரொட்டியிலும் ருசி.

‘‘மாப்ளே, அடி எனக்கு!’’ என்றான் அவன்.

‘‘கேட்டு வாங்கற ஒரே ஆளு நீதான்டா’’ என்று நகர்த்தி வைத்தோம்.