உப்புநீக்கம்

உப்புநீக்கம் என்பது நீரில் கரைந்துள்ள உப்பை அந்நீரிலிருந்து பிரிக்கும் செயல்முறை ஆகும். கடல்நீரையும் உவர்ப்பான நிலத்தடி நீரையும் குடிநீராக்க இது பயன்படுகிறது. இதே பிரிப்பு உப்பளங்களில் உப்பைப் பெறுவதற்காக நடைபெறுகிறது. அங்கு நீர் கைவிடப்படுகிறது.

வடிகட்டலும் கொதிக்க வைத்தலும்

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்துள்ளன. இவற்றுள் பெரும்பகுதி சோடியம் குளோரைடு ஆகும். இது நீரில் கரையும்போது சோடியம், குளோரைடு அயனிகளாகப் பிரிகின்றது. இவ்வயனிகள் துணி, மணல், வடிதாள் ஆகியவற்றின் துளைகளைவிட மிகச் சிறியவை என்பதால் நீருடன் சேர்ந்தே வெளியேறிவிடும்.

உவர்நீரைக் கொதிக்க வைத்தால் கிருமிகள் அழியும், உப்பு நீங்காது. நீர் வற்றுவதால் எஞ்சிய நீர் மேலும் உவர்க்கும். எழும் ஆவியைத் தனியே குளிர்வித்துச் சேர்த்தால் மட்டுமே நன்னீர் கிடைக்கும்.

உப்பளம்

செஞ்சி அமைந்துள்ள விழுப்புரம் மாவட்டத்தின் கடற்கரைப் பகுதியில் மரக்காணம் உப்பளங்கள் உள்ளன. இங்கு உவர்நீர் ஆழமற்ற பாத்திகளில் பாய்ச்சப்பட்டு, வெயிலாலும் காற்றாலும் ஆவியாக்கப்படுகிறது. கடல்நீர் செறிவடையும்போது முதலில் கால்சியம் கார்பனேட்டும், அடுத்து ஜிப்சமும், அதன் பின்னர் சோடியம் குளோரைடும் படிகின்றன. மக்னீசிய உப்புகள் மிகுந்த, கசப்பான எஞ்சிய நீர் வெளியேற்றப்படுகிறது. அது பாத்தியிலேயே வற்றினால் உப்பும் கசக்கும். வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் உற்பத்தி நின்றுவிடும்.

காய்ச்சி வடித்தல்

அழுத்தம் குறைந்த இடத்தில் நீர் குறைந்த வெப்பநிலையிலேயே ஆவியாகும். இலட்சத்தீவின் கவரத்தியில் 2005ஆம் ஆண்டு தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த நிலையம் இம்முறையில் அமைந்தது. இதில் வெதுவெதுப்பான கடற்பரப்பு நீர் ஆவியாக்கப்படுகிறது. அவ்வாவி, ஏறத்தாழ 350 மீட்டர் ஆழத்திலிருந்து பெறப்படும் குளிர்ந்த நீரால் குளிர்விக்கப்படுகிறது. இந்நிலையத்தின் கொள்ளளவு நாளொன்றுக்கு ஒரு இலட்சம் லிட்டர் ஆகும்.

எதிர்ச் சவ்வூடு பரவல்

நீரை எளிதில் கடக்கவிட்டு உப்பைத் தடுக்கும் சவ்வின் இருபுறமும் நன்னீரும் உவர்நீரும் இருப்பின், நன்னீர் இயல்பாக உவர்நீரை நோக்கிச் செல்லும். இதுவே சவ்வூடு பரவல் ஆகும். உவர்நீரின் மீது போதிய அழுத்தம் தந்தால் இவ்வோட்டம் எதிர்த்திசையில் திரும்பும். கடல்நீருக்கு வளியழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 55 முதல் 70 மடங்கு அழுத்தம் தரப்படுகிறது. நடைமுறைக்கு உகந்த சவ்வை 1960ஆம் ஆண்டையொட்டிக் கலிபோர்னியாவில் சிட்னி லோப், இந்தியரான சீனிவாச சௌரிராஜன் ஆகியோர் உருவாக்கினர்.

சென்னையின் குடிநீருக்காக மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் 2010இலும், நெம்மேலியில் 2013இலும் இம்முறையிலான நிலையங்கள் தொடங்கப்பட்டன. இவை ஒவ்வொன்றும் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்டவை. நெம்மேலியில் 15 கோடி லிட்டர் கொள்ளளவுள்ள இரண்டாம் நிலையம் 2024இல் திறக்கப்பட்டது.

ஆற்றலும் கழிவும்

கொதிநிலையில் உள்ள 1000 லிட்டர் நீரை ஆவியாக்க மட்டும், வெப்பத்தை மீளப் பயன்படுத்தாவிடின், ஏறத்தாழ 630 கிலோவாட் மணி ஆற்றல் வேண்டும். எதிர்ச் சவ்வூடு பரவலில் கடல்நீரிலிருந்து அதே அளவு நன்னீரைப் பெற 3 முதல் 4 கிலோவாட் மணி போதும். எனினும் உள்வாங்கும் கடல்நீரில் பாதியோ அதற்கும் குறைவோதான் நன்னீராகும். எஞ்சிய அடர் உவர்நீர் கடல்நீரைவிடக் கனமானது. நன்கு கலக்கச் செய்யாது விட்டால் கடலடியில் தேங்கி அங்குள்ள உயிரினங்களைப் பாதிக்கக்கூடும். மழைநீரைத் தேக்குவதற்கு இத்தகைய ஆற்றற் செலவோ உவர்நீர்க் கழிவோ இல்லை.

இவற்றையும் பார்க்க

உப்பளம்
சவ்வூடு பரவல்
மழைநீர் சேகரிப்பு